ஐஸ்கிரீமில் கடிபட வேண்டுமா, கரைய வேண்டுமா? உங்களுக்குப் பிடித்த ருசியும் அதில் சேர்க்கும் பொருளும்

கடலைமிட்டாய் எழுதியது:

எனக்கு ஐஸ்கிரீம் என்றால் வாயில் ஏதாவது கடிபட வேண்டும். வெறும் வெனிலாவோ ஸ்ட்ராபெரியோ நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. கடைக்குப் போனால் பட்டர்ஸ்காட்ச்தான் கேட்பேன். அந்த மஞ்சள் நிறத்துக்காகவோ எசன்ஸ் வாசனைக்காகவோ இல்லை. சர்க்கரையை உருக்கி, முந்திரி போட்டு, இறுகியதும் உடைத்துச் சேர்க்கிறார்களே, அந்தத் துண்டுகளுக்காகத்தான். அவை குறைந்தால் எனக்கு அது பட்டர்ஸ்காட்சே இல்லை.

வீட்டில் நான் அடிக்கடி செய்வது ஒன்று உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கொரகொரப்பாக இடித்து, வெனிலா மேல் தாராளமாகத் தூவி, ஒரு சிட்டிகை உப்பும் போடுவேன். வெல்லமும் வறுத்த கடலையும் பாலும் சேர்கிற அந்த ருசிக்கு எந்தக் கடை ஐஸ்கிரீமும் ஈடில்லை. ஆனால் இதையே மொத்தமாகக் கலந்து டப்பாவில் வைத்தால் ஓரிரு நாளில் கடலைமிட்டாய் நமுத்துப் பிசுபிசுத்துவிடுகிறது. கடை பட்டர்ஸ்காட்சில் மட்டும் அந்தத் துண்டுகள் எப்படி மாதக்கணக்கில் மொறுமொறுவென்று இருக்கின்றன?

உங்களுக்கு எது பிடிக்கும், அதில் எதைச் சேர்த்தால் பிடிக்கும், எதைச் சேர்த்தால் பிடிக்காது? காரணத்தோடு எழுதுங்கள்.


சுண்டக்காய்ச்சி எழுதியது:

நான் உங்களுக்கு நேர் எதிர். ஐஸ்கிரீமின் சுகமே அது நாக்கில் கரைவதுதான். கரைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு முந்திரி இடறினால் மெல்ல ஆரம்பித்துவிடுகிறோம், பால் ருசி பின்னால் போய்விடுகிறது.

என் விருப்பம் குல்ஃபி. பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, பனங்கற்கண்டும் ஏலக்காயும் போட்டு அச்சில் ஊற்றி உறைய வைத்தது. அதைக் கடைந்து காற்று ஏற்றுவதில்லை, அதனால் அடர்த்தியாக இருக்கும், மெதுவாகத்தான் உருகும். பிஸ்தா, பாதாம் போட்டால்கூட நைசாக அரைத்துத்தான் போடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துண்டுகளை அள்ளிப் போடுகிற பல கடைகளில் அடியில் இருக்கும் ஐஸ்கிரீம் சுமாராகத்தான் இருக்கும். ஒரு கடையின் தரம் தெரிய வேண்டுமானால் அங்கே வெறும் வெனிலாவை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். சாக்லேட் சாஸும் பிஸ்கட்டும் அங்கே துணைக்கு வராது.


பால்பண்ணை எழுதியது:

பால் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கிறேன், ஐஸ்கிரீம் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். கடலைமிட்டாய் அக்கா கேட்டதற்குப் பதில்: கொழுப்புப் பூச்சு.

உறைந்த ஐஸ்கிரீமிலும் உறையாத தண்ணீர் கொஞ்சம் இருக்கும். சர்க்கரை கரைந்த நீர் முழுவதும் உறைவதில்லை, அதனால்தான் ஐஸ்கிரீமைக் கரண்டியால் எடுக்க முடிகிறது. அந்த ஈரத்தைப் பாகுத் துண்டு இழுத்துக்கொள்ளும். வெல்லம் வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக இழுக்கும். கடலைமிட்டாய் சீக்கிரம் நமுத்துப்போவது அதனால்தான். ஆலைகளில் அந்தத் துண்டுகளைக் கொழுப்பிலோ சாக்லேட்டிலோ புரட்டி ஒரு மெல்லிய பூச்சு கொடுத்த பிறகே சேர்ப்பார்கள். ஈரம் உள்ளே போகாது.

வீட்டில் தேங்காய் எண்ணெய் போதும். அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். இடித்த கடலைமிட்டாயில் ஒன்றிரண்டு கரண்டி விட்டுப் புரட்டி, தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் வைத்து, பூச்சு இறுகியதும் ஐஸ்கிரீமில் சேருங்கள். தேங்காய் வாசனை வேண்டாம் என்றால் வெள்ளை சாக்லேட்டை உருக்கிப் புரட்டலாம். மிட்டாயின் பொடியை மட்டும் சலித்து ஒதுக்கிவிடுங்கள், பொடி முதலில் கரையும்.

சுண்டக்காய்ச்சி சொன்ன தரம் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஐஸ்கிரீம் என்று போட வேண்டுமானால், நம் நாட்டின் உணவுத் தர விதிப்படி அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 2.5 முதல் 10 வரை இருந்தால் அது மீடியம் ஃபேட் வகை. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அதை ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் விற்க வேண்டும். எடையும் பாருங்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. காற்று ஏற்றாத கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வரும் என்பதால், 525 கிராம் எடையுள்ள ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட பாதி இடம் காற்றுதான். ஒரே அளவுள்ள இரண்டு டப்பாவில் எடை கூடியது எதுவோ அதில் காற்று குறைவு.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

மதுரைக்காரி வந்துவிட்டேன். ஜிகர்தண்டாவை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நடக்கலாமா?

ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதன் மேல் பாசுந்தி, கடைசியாக ஒரு கரண்டி ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கம் நின்று குடித்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஐஸ்கிரீம் வெள்ளையாக இருக்காது. பாலும் சர்க்கரையும் நன்றாகக் காய்ந்த இளம் பழுப்பு நிறம். பிசின் வழுக்கிக்கொண்டு போகும், பாசுந்தியில் ஏடு தட்டுப்படும், ஐஸ்கிரீம் பாதி கரைந்து பாலோடு சேரும்.

ஆகவே கடிபடுவதா கரைவதா என்பது இரண்டே கட்சி இல்லை. வழுக்குவது என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஃபலூடாவில் சப்ஜா விதையும் சேமியாவும் அப்படித்தான்.


கடலைமிட்டாய் எழுதியது:

மல்லிகைப்பந்தல், அருமை. பிசினை ஐஸ்கிரீமிலேயே கலந்து உறைய வைக்க முடியுமா?


பால்பண்ணை எழுதியது:

வேண்டாம் அக்கா. பாதாம் பிசின் ஊறிய பிறகு அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உறைந்தால் பல் கூசும் ஐஸ்கட்டி, உருகினால் தண்ணீர் பிரிந்து சக்கை. ஜெல்லிக்கும் இதே கதி. இவை எல்லாம் பரிமாறும்போது சேர்க்க வேண்டியவை. ஜிகர்தண்டா, ஃபலூடா இரண்டுமே கிளாசில் அந்தந்த நேரத்தில் அடுக்கப்படுவதால்தான் நன்றாக இருக்கின்றன.


நல்லூர்வாசி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். ஜெல்லி என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் குடிக்கப் போவது என்றுதான் சொல்லுவோம், அது ஒரு குடும்பப் பயணம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் ரியோ போன்ற கடைகள் இருக்கின்றன. திருவிழா 25 நாளும் அங்கே இருக்க இடம் கிடைக்காது. பின்னேரம் கோயிலுக்குப் போய்விட்டு, வேட்டி சேலையோடு அப்படியே கடைக்குள் நுழைவது வழக்கம்.

நாங்கள் கேட்பது ஸ்பெஷல். உயரமான கிண்ணத்தில் இரண்டு மூன்று நிறத்தில் ஐஸ்கிரீம், ஜெல்லித் துண்டுகள், பழம், மேலே கச்சான் (உங்கள் நிலக்கடலை), முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), ஓரத்தில் செருகிய வேஃபர். சிறுபிள்ளைகளுக்கு அந்த வேஃபர்தான் முக்கியம், அது இல்லாவிட்டால் அழுகைதான். நான் இப்போதும் வேஃபரை முதலில் எடுத்துவிடுவேன், ஈரம் பட்டால் அட்டை மாதிரி ஆகிவிடும்.

சுண்டக்காய்ச்சி, நீங்கள் சொல்லும் பால் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் கோயில் வெயிலில் நின்றுவிட்டு வந்து ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும்போது, கிண்ணத்துக்குள் தேட நாலு விதமான பொருள் இருப்பது ஒரு சந்தோஷம். என்னுடைய ஜெல்லியைத் தங்கச்சிக்கும் அவளுடைய முந்திரிகை வற்றலை எனக்கும் மாற்றிக்கொள்ளுவோம். வெறும் வெனிலாவில் அது நடக்காது.


சுண்டக்காய்ச்சி எழுதியது:

நல்லூர்வாசி, நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. கூட்டமாகச் சாப்பிடுவது வேறு, இரவு பத்து மணிக்குத் தனியாக ஒரு குல்ஃபியோடு உட்காருவது வேறு. இரண்டாவதுதான் எனக்கு ஐஸ்கிரீம் நேரம்.


பிஸ்தாப்பச்சை எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பளீர்ப் பச்சையில் வருகிற பிஸ்தா ஐஸ்கிரீமை நான் தொடுவதில்லை. அதில் பெரும்பாலும் இருப்பது பாதாம் எசன்ஸ் வாசனையும் நிறமும்தான். உண்மையான பிஸ்தாவை அரைத்துச் செய்தால் நிறம் மங்கிய பச்சையாக, கொஞ்சம் பழுப்பு கலந்து இருக்கும். வாசனையும் அவ்வளவு தூக்கலாக இராது. லேசான கசப்பு, நெய் மாதிரி ஒரு கனம். அது வாய்க்குள் மெதுவாகத் தெரியவரும்.

இதில் முழுப் பிஸ்தாவையும் போட வேண்டுமா என்றால், ஆமாம். ஆனால் வறுத்து, உப்புச் சேர்த்து, கடைசியில். வறுக்காத பருப்பைக் குளிரில் போட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. முந்திரிக்கும் பாதாமுக்கும் இதே விதி. வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, சூட்டோடு உப்புத் தூவி, முழுக்க ஆறவிட்டுச் சேர்த்துப் பாருங்கள்.

உப்பை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தால் எவ்வளவு சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்று திகைத்துப்போவீர்கள். அந்தக் குளிரில் கொஞ்சம் உப்பு இருந்தால் பருப்பின் ருசி மேலே வருகிறது.


தேக்கா தம்பி எழுதியது:

சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையில் வண்டிக்காரப் பெரியவர்கள் ஐஸ்கிரீமைச் செங்கல் மாதிரிக் கட்டியாக வைத்து, கத்தியால் வெட்டி, வண்ண வண்ண ரொட்டித் துண்டில் மடித்துத் தருவார்கள். வேஃபரும் கேட்கலாம், ஆனால் ரொட்டிதான் சிறப்பு. ரொட்டி மெத்தென்று இருக்கும், உருகுவதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், கையில் வழியாது.

வகைகளைச் சொன்னால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்: டுரியான், ஊதா நிறத்தில் வரும் யாம் (சேப்பங்கிழங்கு வகை), சிவப்புப் பயறு, ஸ்வீட் கார்ன். சோளத்தில் ஐஸ்கிரீமா என்று கேட்ட என் சித்தி, சாப்பிட்ட பிறகு இன்னொன்று கேட்டார். பயறும் சோளமும் நமக்குப் புதிதே இல்லை. பாசிப்பருப்புப் பாயசம் குடிக்கிற நாம் சிவப்புப் பயறு ஐஸ்கிரீமை எதற்கு வினோதமாகப் பார்க்க வேண்டும்?

எனக்குப் பிடித்தது சிவப்புப் பயறுதான். பயறு வெந்து மாவாக இருப்பதால் உறைந்தாலும் கல் ஆகாது. கடிபடுகிறது, ஆனால் பல்லை எதிர்ப்பதில்லை.


மாம்பழச்சாறு எழுதியது:

பழத்துண்டு போட்ட ஐஸ்கிரீம்தான் எனக்குத் தீராத ஏமாற்றம். ஒரு கடையில் மாம்பழ ஐஸ்கிரீமில் நிஜப் பழத்துண்டு இருக்கிறது என்று ஆசையாக வாங்கினேன். கரண்டியில் வந்தது ஐஸ்கட்டி. ருசியும் இல்லை. அதைவிட டூட்டி ஃப்ரூட்டி தேவலை என்று தோன்றியது. மென்மையாகவாவது இருக்கிறது. ஏன் அப்படி?


பால்பண்ணை எழுதியது:

பழத்தில் பெரும்பகுதி தண்ணீர், இனிப்பு ஐஸ்கிரீமில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் ஐஸ்கிரீம் மென்மையாக இருக்கும் அதே குளிரில் பழம் கெட்டியாக உறைந்துவிடும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பப்பாளிக்காயைச் சிறு சதுரமாக வெட்டி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு நிறமேற்றியது. உள்ளே தண்ணீரின் இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்வதால் அது உறைவதில்லை. உலர்திராட்சையும் அப்படித்தான் மென்மையாகவே இருக்கும். ரம்மில் ஊறவைத்தால் இன்னும் மென்மை, ஆல்கஹால் அந்தக் குளிரில் உறையாது.

நீங்கள் செய்ய வேண்டியது: மாம்பழத் துண்டுகளைச் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவிட்டு, பாகு வற்றி ஜாமுக்கு ஒரு படி முன்னால் இறக்குங்கள். ஆறியதும் ஐஸ்கிரீமுக்குள் கோடு கோடாக விடுங்கள். வேகவைக்காத பழத்தின் வாசனைதான் வேண்டும் என்றால் அரைத்துக் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள், துண்டு வேண்டாம்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

இளநீர் ஐஸ்கிரீமில் வழுக்கைத் துண்டுகள் மட்டும் எப்படி நன்றாக இருக்கின்றன? மும்பை ஜூஹுவில் 1984-இல் நேச்சுரல்ஸ் கடையைத் தொடங்கிய ரகுநந்தன் காமத், மங்களூர் பக்கத்தில் ஒரு பழ வியாபாரியின் மகன். அவருடைய கடை இளநீர் ஐஸ்கிரீமுக்கு இன்றும் ரசிகர்கள் அதிகம். அதைச் சாப்பிட்ட பிறகுதான் பழ ஐஸ்கிரீம் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. சீத்தாப்பழமும் அப்படியே, விதை எடுக்கும் பாடு மட்டும் வீட்டில் தாங்காது.


பால்பண்ணை எழுதியது:

வழுக்கையை மெல்லிசாகச் சீவிப் போடுவார்கள். எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சீக்கிரம் வாயில் இளகும். பெரிய துண்டாகப் போட்டால் அதுவும் கட்டிதான்.

சாக்லேட்டும் இதே கணக்கு. வாய்ச் சூட்டில் உருகுகிற சாக்லேட், ஐஸ்கிரீமுக்குள் இருக்கும்போது வாயே குளிர்ந்திருப்பதால் உருகாமல் மெழுகுத் துண்டாக நிற்கும், ருசி வெளியே வராது. இத்தாலியில் பெர்காமோ நகரில் 1961-இல் என்ரிகோ பனத்தோனி செய்த ஸ்ட்ராசியாட்டெல்லா இதற்கு நல்ல வழி. ஐஸ்கிரீம் கடைபடும்போதே உருகிய சாக்லேட்டை மெல்லிய நூலாக ஊற்ற வேண்டும். பட்டதும் உறைந்து, நொறுங்கி, மெல்லிய செதில்களாகப் பரவும். உருக்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் கரையும். கடையில் வாங்கிய சாக்கோ சிப்ஸை அப்படியே கொட்டுவதைவிட நூறு மடங்கு மேல்.


வடகிழக்குக் காற்று எழுதியது:

பாஸ்டன் பக்கத்தில் வசிக்கிறேன். ஐஸ்கிரீமுக்குள் மிட்டாயையும் பிஸ்கட்டையும் அந்த நேரத்தில் பிசைந்து தரும் வழக்கத்தை அமெரிக்கா முழுக்கப் பரப்பிய கடை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. சோமர்வில்லில் 1973-இல் ஸ்டீவ் ஹெரல் திறந்த கடை. ஹீத் பார் என்ற டாஃபி மிட்டாயை நொறுக்கி, வாடிக்கையாளர் கண் முன்னாலேயே ஐஸ்கிரீமோடு கையால் பிசைந்து கொடுத்தார். அதற்குத்தான் மிக்ஸ்-இன் என்று பெயர் வந்தது. முக்கியமான விஷயம், அவர் ஐஸ்கிரீமில் காற்றைக் குறைத்து அடர்த்தியாகச் செய்தார். சுண்டக்காய்ச்சி சொல்வது போல அடிப்படை சுமாராக இருக்கவில்லை. முதலில் நல்ல ஐஸ்கிரீம், பிறகுதான் மிட்டாய்.

1978-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், ஒரு பழைய பெட்ரோல் நிலையத்தில் கடை தொடங்கிய பென் கோஹன், ஜெரி கிரீன்ஃபீல்ட் கதையும் இதோடு சேர்ந்தது. பென்னுக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாதவருக்கு ருசியும் பாதிதான். அதனால் வாயில் எப்படி இருக்கிறது, என்ன கடிபடுகிறது என்பதைத்தான் அவர் கவனித்தார். பெரிய பெரிய துண்டுகள் போடும் அவர்கள் வழக்கத்துக்கு அது ஒரு காரணம்.


மாடிவீடு எழுதியது:

இத்தனை நாள் படிப்பதோடு சரி. வடகிழக்குக் காற்று எழுதியதைப் பார்த்ததும் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் அப்பாவுக்குக் கொரோனா வந்து போனதிலிருந்து வாசனை சரியாகத் திரும்பவில்லை. காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பார். ஐஸ்கிரீம் என்றால் அவருக்கு உயிர், கல்யாண வீட்டில் ஃப்ரூட் சாலட் ஐஸ்கிரீம் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற மனிதர். இப்போது வெனிலா, ஸ்ட்ராபெரி, மாம்பழம் எல்லாமே வெறும் சில்லென்ற இனிப்பு என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். நாங்கள் நல்ல நல்ல வாசனை உள்ளதாகத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறோம். துண்டுகள் பக்கம் யோசிக்கவே இல்லை. அவருக்கு என்ன சேர்த்துக் கொடுக்கலாம்? பல் நன்றாகவே இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை.


கடலைமிட்டாய் எழுதியது:

மாடிவீடு, இது எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது. நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு தெரிகிறது இல்லையா? அப்படியானால் அவற்றை ஒரே கிண்ணத்தில் மோதவிடுங்கள். வெனிலா, உப்புப் போட்டு வறுத்த கடலை, மேலே கொஞ்சம் புளிப்பான பழப்பாகு. சூடும் குளிரும் இன்னொரு வழி. சுடச்சுடக் கேரட் அல்வாவோ குலாப் ஜாமூனோ வைத்து அதன் மேல் ஐஸ்கிரீம். உறைப்பும் தெரியும் என்பதால் இஞ்சி முரப்பாவைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். அது சர்க்கரையில் ஊறியது என்பதால் உறையவும் செய்யாது.


பிஸ்தாப்பச்சை எழுதியது:

இஞ்சி முரப்பா நல்ல யோசனை. மிளகு கூடப் போடலாம், கொரகொரப்பாக உடைத்து. மாம்பழ ஐஸ்கிரீமில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் பள்ளிக்கூட வாசலில் விற்கும் மாங்காய் மாதிரியே இருக்கும். அப்பாவுக்கு அந்தக் காரம் கண்டிப்பாகத் தெரியும்.


சுண்டக்காய்ச்சி எழுதியது:

மாடிவீடு, நான் கரையும் கட்சி என்றாலும் அப்பா விஷயத்தில் கடலைமிட்டாய் சொல்வதுதான் சரி. வாசனையை நம்பித்தான் என் குல்ஃபி நிற்கிறது, ஏலக்காய் தெரியாவிட்டால் அதில் என்ன இருக்கிறது? இது எனக்கு இதுவரை தோன்றாத கோணம்.


கொடிவனிலா எழுதியது:

எல்லாரும் வெறும் வெனிலா, வெறும் வெனிலா என்று எழுதுவதைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் வெனிலாக் கொடி இருந்தது. 2000-த்தின் தொடக்கத்தில் விலை எகிறியபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் நிறையப் பேர் போட்டார்கள், நாங்களும் போட்டோம். சில ஆண்டுகளில் விலை சரிந்து, பலர் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள்.

அது ஒரு ஆர்க்கிட் வகை. பூ ஒரு நாள் காலையில் மட்டும் விரியும். அதற்குள் ஒவ்வொரு பூவாக ஒரு குச்சியை வைத்துக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன் 1841-இல் கண்டுபிடித்த முறை அது, இன்றும் அதேதான். காயைப் பறித்த பிறகும் வெந்நீரில் முக்கி, போர்த்தி வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாதக்கணக்கில் உலர்த்தினால்தான் வாசனை வரும். கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் எசன்ஸில் இருப்பது ஆலையில் தயாராகும் வனிலின். அது வாசனையின் ஒரு பகுதி மட்டும்தான்.

முடிந்தால் ஒரே ஒரு காய் வாங்கி, நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் கருப்பு விதைகளை வழித்துச் சூடான பாலில் போட்டு ஐஸ்கிரீம் செய்து பாருங்கள். அதில் எதையும் கலக்க உங்களுக்கே மனம் வராது.


அடுப்பங்கரை எழுதியது:

படிக்கப் படிக்க நாவூறுகிறது. எனக்கு ஒரு சந்தேகம். ஃபில்டர் காபி ஐஸ்கிரீம் செய்ய ஆசை. மெஷின் கிடையாது. விப்பிங் கிரீமும் கண்டன்ஸ்டு மில்க்கும் வைத்துச் செய்யும் முறைதான் தெரியும். டிகாக்ஷன் சேர்த்தால் படிகம் படிகமாக நறநறக்கிறது. என்ன வழி?


பால்பண்ணை எழுதியது:

டிகாக்ஷன் என்பது தண்ணீர்தானே, அந்தத் தண்ணீர் உறைந்துதான் நறநறக்கிறது. தண்ணீரைத் தவிர்த்துக் காபி வாசனையை மட்டும் எடுக்க வேண்டும். 400 மில்லி கிரீம் என்றால் அதில் 100 மில்லியை மட்டும் லேசாகச் சூடாக்கி, மூன்று மேசைக்கரண்டி காபித்தூளைப் போட்டு மூடி வையுங்கள், அரை மணி கழித்து மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். கொழுப்பு காபியின் வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதைக் குளிரவைத்து, 200 கிராம் கண்டன்ஸ்டு மில்க்கோடு கலந்து, மீதி 300 மில்லியை நுரைக்க அடித்து மெதுவாகச் சேருங்கள்.

கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் இதற்கு உதவாது, நுரைத்து நிற்காது. 30 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளதை வாங்குங்கள். கரண்ட் போய் ஒரு முறை இளகிவிட்டால் மறுபடி உறையும்போது சிறிய படிகங்கள் எல்லாம் பெரிதாகிவிடும், அதைச் சரி செய்ய முடியாது. டப்பாவைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள்.

சிக்கரி கலந்த தூளா, கலக்காததா என்று கேட்பீர்கள். எனக்குக் கலந்ததுதான் பிடிக்கும். அந்தக் கசப்பு கண்டன்ஸ்டு மில்க்கின் இனிப்பை அடக்குகிறது.


நல்லூர்வாசி எழுதியது:

அடுப்பங்கரை, அதில் மேலே இரண்டு மாரி பிஸ்கட்டை நொறுக்கிப் போடுங்கோ. காபிக்குள் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்ட எல்லாருக்கும் பிடிக்கும்.


மாடிவீடு எழுதியது:

நேற்று முயற்சி செய்தோம். அப்பாவுக்கு மூன்று சின்னக் கிண்ணம் வைத்தோம். மாம்பழமும் மிளகாய்த்தூளும் வேண்டாம் என்றுவிட்டார், வயிறு எரியும் என்று பயம். சூடான கேரட் அல்வா மேல் வெனிலா, பரவாயில்லை என்றார். கடலைமிட்டாயும் உப்பும் இஞ்சி முரப்பாவும் போட்டதை முடித்துவிட்டு, முரப்பாவை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடு என்றார். தேங்காய் எண்ணெயில் புரட்டி வைத்த மிட்டாய் இன்று காலை வரை மொறுமொறுப்பாகவே இருக்கிறது. பால்பண்ணை அண்ணாவுக்கும் கடலைமிட்டாய் அக்காவுக்கும் நன்றி.

அடுத்து என்ன செய்யலாம்? அவருக்குப் பலாப்பழம் ரொம்பப் பிடிக்கும். வாசனை தெரியாவிட்டாலும் ஒரு துண்டாவது வேண்டும் என்று கேட்கிறார்.


கடலைமிட்டாய் எழுதியது:

மாடிவீடு, ரொம்பச் சந்தோஷம். பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி, நெய்யில் வதக்கி, வெல்லம் போட்டுச் சுருளக் கிளறுங்கள், சக்கப்பிரதமனுக்குச் செய்கிற மாதிரி. பால்பண்ணை சொன்ன கணக்குப்படி அது உறைந்தாலும் கல்லாகாது, நார் நாராக மெல்லவும் கிடைக்கும். தேங்காய்ப் பல்லை நெய்யில் சிவக்க வறுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, பரிமாறும்போது தூவுங்கள். முரப்பாவுக்குப் பதில் கொஞ்சம் சுக்குப்பொடி, வெல்லத்தோடு சேர்த்தே கிளறிவிடுங்கள். உப்பு மறக்க வேண்டாம்.


சுண்டக்காய்ச்சி எழுதியது:

அந்தப் பலாக் கலவையில் பாதியை எனக்காக மிக்ஸியில் நைசாக அரைத்துக் குல்ஃபி அச்சில் ஊற்றப் போகிறேன். வெல்லத்தைச் சூடான பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். பால் நன்றாக ஆறிய பிறகு சேருங்கள்.